அவர் கேட்டது ஒரு கதவு

வா அம்மிணி, உள்ள வா. செருப்போடயே வா, பரவால்ல. சக்கர நாற்காலி போய் வர்ற வீடு, தரை எப்பவும் இப்படித்தான் கெடக்கும். அன்வர் பாய் காலையிலயே போன் பண்ணிட்டாரு. தாராபுரத்துல இருந்து ஒரு பொண்ணு வருதுக்கா, வீடு கட்டுது, வீட்டுக்காரரு லாரி ஆக்சிடென்ட்ல அடிபட்டு கழுத்துக்குக் கீழ அசைவில்லாம இருக்காரு, நீங்க என்னென்ன வச்சீங்க, எவ்வளவு ஆச்சுன்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போகட்டும்னாரு. பிளான் பேப்பர் கொண்டாந்திருக்கியா? நல்லது. டேபிள்ல விரிச்சு வை.

முதல்ல ஒண்ணு கேட்டுக்க. பூச்சு வேல ஆரம்பிக்கலையே? அப்பத் தப்பிச்ச. ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் ஒயர் இழுக்கச் சொல்லு. எலக்ட்ரீஷியன் அதெதுக்குங்க, வேண்டாம்பாரு. கேக்காத. போன்ல போடுற சுவிட்சு, பேசிப் போடுற சுவிட்சு இதெல்லாம் அந்த ஒயர் இல்லாட்டி பெரும்பாலும் வேல செய்யாது. பெட்டியும் ஆழமா இருக்கணும். எங்களுக்கு இது தெரியறதுக்குள்ள ரெண்டு ரூம் பூசி முடிச்சிட்டாங்க. மறுபடி உடைச்சோம். உடைக்கறப்ப அவரு எதிர்ல சேர்ல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. ஒரு வார்த்த சொல்லல. பேச முடியாம இல்ல, அப்பப் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு.

டீ குடி. அவரு உள்ள இருக்காரு. பாக்கலாம், கொஞ்ச நேரமாகும்.

எங்க வீட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல ஏலம் கூவுறவரு. இருபத்தாறு வருசம் கூவுனாரு. முருங்கக்கா ஏலம்னா அவருதான். மைக்கெல்லாம் கெடையாது. இந்த மூலையில நின்னு கூவுனா அந்த மூலையில கேரளா யாவாரி கை தூக்குவாரு. வீட்டுக்கு வந்தா அதுக்கு நேர்மாறு. கொடி, தண்ணி. கொடி, நான் படுக்கறேன். அவ்வளவுதான் பேச்சு. எம்பேரு பூங்கொடி. கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துல எங்கிட்ட ஒரு நூறு வாக்கியம் பேசியிருப்பாரோ என்னவோ. அது போதும்னுதான் நானும் இருந்தேன்.

இந்த வீட்டுக்கு கடக்கால் தோண்டுன மாசந்தான் மொதமொதல்ல சட்டப் பட்டன் போட வரலன்னாரு. வெரல் மரத்துப்போச்சு, பனியா இருக்கும்னு நெனச்சோம். அப்புறம் செல்லு நழுவி விழுந்துச்சு. அப்புறம் மார்க்கெட்ல ஒரு முருங்கக் கட்டத் தூக்கிக் காட்டறப்ப கையோட கட்டும் கீழ போச்சு. கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனோம். கையில காலுல ஊசி குத்தி கரண்ட் வச்சுப் பாத்தாங்க. அவர ரூம்ல படுக்க வச்சிட்டு டாக்டர் என்ன வராண்டாவுக்குக் கூப்பிட்டாரு.

நரம்பு வியாதிம்மா. தசை ஒவ்வொண்ணா செத்துக்கிட்டே வரும். கை, காலு, அப்புறம் பேச்சு, கடைசில மூச்சு. புத்தி மட்டும் தெளிவா இருக்கும். மருந்து பெருசா இல்ல. மூணு வருசம், கூடக்குறைய.

நான் அவருகிட்ட சொல்லல. என்னன்னு கேட்டாரு, சத்துக் கொறவுன்னேன். சரின்னாரு. கெளம்பறப்ப பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா ஒண்ணு ஓடிவந்து ஏதோ எழுத்து அச்சடிச்ச கண்ணாடித் தாள் ஒண்ணு குடுத்துச்சு, பின்னால தேவப்படும்னு. மருந்துப் பையில சொருகிட்டேன். எனக்கு அப்ப அதெல்லாம் மண்டையில ஏறல. பஸ்ல வர்ற வழியெல்லாம் ஒரே நெனப்புதான். வீடு இன்னும் மேல வரல. இனிமே கட்டறதுதான். அவருக்கு யாரு கையும் தேவப்படாத மாதிரி கட்டிப்புடணும். அவரு நெனச்சா லைட்டு எரியணும், நெனச்சா கதவு தெறக்கணும். கை போகட்டும், காலு போகட்டும், வீடே கையுங் காலுமா இருக்கட்டும்.

அப்படித்தான் அன்வர் பாய் வந்தாரு. திண்டுக்கல்காரரு. சாதா ஒயரிங்ல ஆரம்பிச்சு இந்த வேலைக்கு வந்தவரு. மரியாதையான மனுசன். மொத நாளு நான் பதினாலு அயிட்டம் எழுதி வச்சிருந்தேன். லைட்டு, பேனு, ஏசி, கேட்டு, திரைச்சீலை, மோட்டாரு, கட்டிலு ஏறி எறங்கறது, காலிங் பெல்லு, கேமரா, எல்லாம். வீட்டுக்கு ஒதுக்குன பணத்துல இதுக்குன்னு ஒன்றரை லட்சந்தான் வச்சிருந்தேன். அவரு போட்டுக் குடுத்த பேப்பர்ல ரெண்டே முக்கா வந்துச்சு. எதக் கொறைக்கலாம்னு உக்காந்தோம். திரைச்சீலைய அடிச்சோம். கேட்ட அடிச்சோம். அன்வர் பாய் என்ன தாண்டி அவரப் பாத்துக் கேட்டாரு, "அண்ணே, உங்களுக்கு இதுல எது முக்கியம்? நீங்க ஒண்ணு சொல்லுங்க."

அவரு யோசிக்கவே இல்ல. "என் ரூம் கதவ நானே சாத்தணும். நானே தெறக்கணும்"னாரு.

நான் சிரிச்சுட்டேன் அம்மிணி. கதவ சாத்தறதுக்கு ஒரு மிஷினா? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன், ஒரு கொரலு குடுத்தா சாத்த மாட்டனா? அது மட்டுமில்ல. உள்ள சாத்திக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா? மூச்சு முட்டுச்சுன்னா? இல்ல, வேற ஏதாவது நெனப்பு வந்து... அதெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லல. அன்வர் பாய் அத எழுதியிருந்தாரு, அவருகிட்ட பேனாவ வாங்கி அந்த வரிய நானே அடிச்சேன். அந்த எடத்துல இன்னொரு கேமரான்னு எழுதுனேன். அவரு ரூம்ல ஒண்ணு, சமையக்கட்டுல இருந்தே பாத்துக்கற மாதிரி. கதவு தாப்பாளே இல்லாம தள்ளுகதவா வச்சோம், நாற்காலி போகத் தோதா. நீயே சொல்லு, எதுல பாதுகாப்பு? அவரு சரின்னாரு. அவரு எப்பவும் சரிதான்.

அப்புறம் ஓட்டந்தான். நான் ஒண்ணு வாங்கறதுக்குள்ள வியாதி அதத் தாண்டிப் போயிரும். நாற்காலியில உக்காந்து எட்டற உயரத்துல சுவிட்செல்லாம் எறக்கி வச்சோம். பெயின்ட் அடிக்கறப்ப வலது கை போச்சு. எடது கையால போடலாம்னு படுக்கைக்குப் பக்கத்துல மாத்துனோம். எடது கையும் போச்சு. சரி, பேச்சு இருக்குதில்ல, இருபத்தாறு வருசம் கூவுன பேச்சு, அது எங்க போகும்? பேசுனா கேக்கற பெட்டி ரூமுக்கு ஒண்ணா வாங்குனோம். "லைட்ட போடு"ன்னா லைட்டு எரியும். சோதிச்சுப் பாத்த அன்னிக்கு எரிஞ்சுது. அவரு மூஞ்சியில கூட லேசா ஒரு சிரிப்பு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

ஆவணியில வீட்டுக்குப் பால் காய்ச்சுனோம். சொந்தக்காரங்க, மார்க்கெட்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. எல்லாருக்கும் வீட்டச் சுத்திக் காட்டுனேன். எங்கண்ணன் பொண்டாட்டி, "அட, பேசுனா பேனு சுத்துமாமா, எங்க காட்டுங்க"ன்னுச்சு. நான் அவரு நாற்காலிய ஹால் நடுவுல கொண்டாந்து நிறுத்துனேன். "மாமா, ஒருக்காச் சொல்லுங்க"ன்னேன். அவரு என்னப் பாத்தாரு. "சொல்லுங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பேன... போடு"ன்னாரு. அப்பவே நாக்கு கொழற ஆரம்பிச்சிருந்துச்சு, நான் கவனிக்கல. பெட்டி, மன்னிக்கவும் புரியவில்லைன்னுச்சு. மறுபடி சொன்னாரு. புரியவில்லை. எச்சி முழுங்கிட்டு மூணாவது தரம், அந்த மார்க்கெட் கொரல்ல, கத்திச் சொன்னாரு. என்ன வந்துச்சுன்னு எங்களுக்கே புரியல, பெட்டிக்கு எங்க புரியும்? சின்னப் புள்ளைங்க ரெண்டு சிரிச்சுருச்சுங்க. கேரளா யாவாரி ஒருத்தரு வந்திருந்தாரு, குரியன்னு பேரு. அவரு எந்திரிச்சுப் போயி சுவிட்ச அமுக்கி பேனப் போட்டுட்டு, எங்க வீட்டுக்காரரு தோள்ல கை வச்சுக்கிட்டு நின்னாரு.

நான் அன்வர் பாய்க்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன், நெட்டு சரியில்ல, பெட்டி சரியில்லன்னு. மத்தியானம் எல்லாரும் போனதுக்கப்புறம் அவரு எங்கிட்ட "வேண்டாம், கொடி"ன்னாரு. ரொம்ப மெதுவா, ஒவ்வொரு எழுத்தா. பேன் வேண்டாம்னு நெனச்சு நிறுத்திட்டேன். அவரு கண்ண மூடிக்கிட்டாரு.

அதுதான் எனக்குப் புரியற மாதிரி அவரு பேசுன கடைசி வார்த்த.

இல்ல இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். பேப்பர இந்தப் பக்கம் திருப்பு. இது எது, பாத்ரூமா? கதவு மூணடி வச்சிருக்கே, நல்லது. இங்க ஒரு எமர்ஜென்சி பெல்லு வச்சுக்க.

அதுக்கப்புறம் கண்ணால பாத்தா வேல செய்யற கேமரா ஒண்ணு இருக்குன்னு யாரோ சொன்னாங்க. திரையில படம் இருக்கும், அவரு எதப் பாக்கறாரோ அது நடக்கும். வெளிநாட்டுச் சாமான், வெல கூட. எம்பொண்ணு தாரணி ஓசூர்ல இருக்கா. அவ போன்ல, "அம்மா, அப்பாகிட்ட கேட்டியா? அவருக்கு இது வேணுமா?"ன்னா. எனக்குக் கோவம் வந்துச்சு. "அவருக்காகத்தான்டி பண்றேன், அவருகிட்ட என்னத்தக் கேக்கறது? கேட்டா பதில் சொல்ற நெலமையிலயா இருக்காரு?"ன்னேன். "ஆமாம், இல்லைன்னு கண்ணச் சிமிட்டுவாருல்லம்மா"ன்னா. "ஒனக்கு என்ன தெரியும், நீ தூரத்துல இருக்க"ன்னு வச்சுட்டேன். எங்கம்மா போட்ட ரெட்டவடச் சங்கிலிய வித்து அந்தக் கேமராவ வாங்குனேன். அவருக்குன்னா நான் எதுவும் யோசிக்க மாட்டேன் அம்மிணி. ராவும் பகலும் எனக்கு அவரு நெனப்புத்தான். அன்வர் பாய்கிட்ட பேசிட்டே இருப்பேன், போனும் கையுமா. ரூமுக்குள்ள போனாக்கூட ஒயரப் பாப்பேன், பிளக்கப் பாப்பேன், சிக்னல் பாப்பேன்.

அவரப் பாத்தேனான்னா கேக்கற? பாத்தேன். எந்நேரமும் பாத்தேன். செல்லுல பாப்பேன். ஹால்ல ஒரு டேப்லெட் செவுத்துல மாட்டியிருந்துச்சு, அந்தா ஆணி தெரியுது பாரு, அங்க. கேட்டு, பின்வாசலு, மாடி, அவரு ரூமு, நாலும் ஒண்ணாத் தெரியும்.

அதுலதான் வெனை வந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழம. எங்கண்ணன் குடும்பம், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு, எல்லாம் ஹால்ல உக்காந்திருந்தாங்க. நான் வடை சுட்டுக்கிட்டு இருந்தேன். பதினோரு மணிக்கு, நாங்க வேலைக்கு வச்சிருந்த ராமாத்தா வந்து அவரு ஒடம்பத் தொடைச்சு துணி மாத்திவிடும். வழக்கமா வர்றதுதான். நான் மறந்துட்டேன். தட்ட எடுத்துக்கிட்டு ஹாலுக்கு வர்றேன், அவ்வளவு நேரம் கலகலன்னு இருந்த எடம் அமைதியா இருக்கு. எங்கண்ணி முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டு ஜன்னலப் பாக்குது. பக்கத்து வீட்டுக்காரரு எந்திரிச்சு வெளிய போறாரு. எங்கண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

நான் செவுத்துல இருந்த டேப்லெட்டப் பாத்தேன்.

எப்படி ஓடுனேன்னு தெரியல. தட்டு எங்க விழுந்துச்சுன்னும் தெரியல. அத அணைச்சுட்டு, நெட்டு கோளாறு, தானா வந்துருச்சுன்னு உளறுனேன். ரூமுக்குள்ள போனா, ராமாத்தா ஒண்ணும் தெரியாம வேட்டி கட்டிவிட்டுட்டு இருக்கு. அவரு கதவு வழியா ஹாலப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தள்ளுகதவு தெறந்துதான இருக்கும். காது நல்லாக் கேக்கும் அவருக்கு. அத்தன பேரு பேச்சும் ஒரே நேரத்துல நின்னா, மார்க்கெட்ல நின்ன மனுசனுக்கு ஏன்னு தெரியாதா?

அன்னிக்கு மத்தியானம் வாயத் தெறக்கல. கஞ்சிய ஒதட்டுல வச்சா பல்லக் கடிச்சுக்கிட்டாரு. மறுநாளும் அப்படித்தான். நான் கெஞ்சுனேன். கால்ல விழுந்தேன். "மாமா, என்ன தப்புப் பண்ணேன்? கேமராவ அவங்க பாத்தது என் தப்பா? உங்களுக்காகத்தான வச்சேன்"னேன். மூணாவது நாளு ஒதடு வெடிச்சுப் போச்சு. கண்ணுக்கு முன்னால அந்த கண்கேமராத் திரைய வச்சு, என்ன வேணும்னு பாருங்க மாமான்னேன். அதுல லைட்டு, பேனு, டிவி, தண்ணி, நாலு படந்தான் இருந்துச்சு. நாலையும் பாக்கல. செவுத்தப் பாத்துக்கிட்டாரு.

அன்வர் பாய்க்குப் போன் பண்ணி, இது ரிப்பேரு, வந்து பாருங்கன்னேன். வந்தாரு. எங்க வீட்டுக்காரரு மூஞ்சியப் பாத்தாரு. மிஷினத் தொடவே இல்ல. "அக்கா, ஆஸ்பத்திரில எழுத்துப் போட்ட தாள் எதாவது குடுத்தாங்களா?"ன்னாரு. மருந்துப் பைய கவுத்துத் தேடுனேன். மூணு வருசப் பழைய சீட்டுக்கெல்லாம் அடியில இருந்துச்சு, மடிப்பு கூடப் பிரிக்கல. கண்ணாடி மாதிரி தாள், அதுல வரிசையா எழுத்து. நாம ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு வெரலால ஒவ்வொரு வரிசையாக் காட்டணும். அவங்களுக்கு வேணும்கற எழுத்து வந்தா கண்ண மூடுவாங்க. அவ்வளவுதான். நெட்டு வேண்டாம், கரண்டு வேண்டாம்.

"நீங்க வெளிய இருங்கக்கா"ன்னுட்டு அன்வர் பாய் கதவ இழுத்துச் சாத்துனாரு. முக்கா மணி நேரம். நான் இந்த எடத்துலதான் உக்காந்திருந்தேன். வெளிய வந்தவரு கண்ணு செவந்திருந்துச்சு. கரண்ட் பில்லு பின்னால எழுதியிருந்தத எங்கையில குடுத்தாரு.

கேமராவ எடு. கதவ நான் சாத்தணும். மூணு வருசம்னு எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல டாக்டர் சொன்னது உள்ள படுத்திருந்தவருக்குக் கேட்டிருக்கு. மூணு வருசமா தெரிஞ்சு வச்சிருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு! நான் ஒருத்தியே சொமந்துக்கிட்டு திரிஞ்சனே, பாக்கறவருக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலையே? இத்தன பெரிய விசயத்தக் கட்டுன பொண்டாட்டிகிட்ட மறைக்கறதான்னு அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டேன். இன்னும் கொஞ்சம் கோவம் இருக்கு.

கேமராவ அன்னிக்கே கழட்டிட்டாங்க. கதவுக்குச் சின்ன மோட்டாரு போட்டு, கன்னத்துக்குப் பக்கத்துல ஒரு மெத்துன்னு பட்டன் வச்சாரு. தலைய எடதுபக்கம் கொஞ்சம் சாய்க்க முடியும் அவரால, அது போதும். பதினோராயிரம் ஆச்சு. இந்த வீட்டுல செஞ்ச செலவுலயே சின்னது. வெளிய இருந்து தெறக்க எங்கிட்ட ஒரு சாவி. அவசரத்துக்கு மட்டும்னு அன்வர் பாய் சத்தியம் வாங்குனாரு.

மொத நாளு சாப்பாட்டுக்கு அப்புறம் சாத்துனாரு. நான் கதவுல காத வச்சு நின்னேன். ஒண்ணும் கேக்கல. ஒரு மணி நேரம் கழிச்சு அவரே தெறந்தாரு. நான் அங்கயே நிக்கறதப் பாத்தாரு. ரெண்டாம் நாளு தாங்க முடியாம சாவியப் போட்டுத் தெறந்துட்டேன். அவரு சும்மா ஜன்னலு வழியா ரோட்டப் பாத்துட்டு இருந்தாரு. என்னத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே... சாத்திட்டு வந்துட்டேன். அப்புறம் தெறக்கல.

ஒரு வாரம் போச்சு. நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சாரு. ஒருநாளு நான் கஞ்சி குடுத்துட்டுக் கெளம்பறேன், தாளப் பாக்கறாரு. எடுத்துக் காட்டுனேன். நான் புதுசு, தப்புத்தப்பா வருது, அவரு பொறுமையா மறுபடி மறுபடி கண்ண மூடறாரு. உ. ள். ள. இ. ரு. நான் நிமிர்றதுக்குள்ள கன்னத்தச் சாய்ச்சாரு. கதவு மூடிக்கிச்சு. உள்ள நானும் அவரும்.

அன்னியில இருந்து தெனமும் மத்தியானம் அப்படித்தான். அந்தக் கண்கேமராவ தொடறதே இல்ல. நல்ல மிஷின், வேகமா வரும், அதுலயே எழுதலாம்னு அன்வர் பாய் எல்லா எழுத்தும் ஏத்திக் குடுத்தாரு. அவரு மாட்டேன்னுட்டாரு. எனக்கு ரொம்ப நாளு புரியல. மிஷினுன்னா நான் சமையக்கட்டுல இருந்தாக்கூட எழுதலாம். தாளுன்னா ஒருத்தரு எதிர்ல உக்காந்து, அவரு கண்ணயே பாத்துக்கிட்டு இருக்கணும். அந்த மிஷின நீ எடுத்துட்டுப் போ அம்மிணி. பீரோவுல சும்மா கெடக்கு. அவருதான் எழுதுனாரு, யாருக்காவது குடுன்னு. காசெல்லாம் வேண்டாம்.

ஏன்னா நாளு ரொம்ப இல்ல. போன மாசத்துல இருந்து மூச்சு கொறையுது. தொண்டையில துளை போட்டு மிஷின் வைக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. வச்சா வருசக்கணக்குல கூட இருக்கலாமாம். கரண்டு ஒரு நிமிசம் போகக்கூடாது. வீட்டுல ரெண்டு இன்வெர்டரு, பேட்டரி, தனி ஒயரு. நான் எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுட்டேன்.

இந்தத் தடவ கேட்டேன் அம்மிணி. கேக்காம இல்ல. போன புதன்கெழம உக்காந்து, தாள எடுத்து, மாமா வைக்கலாமான்னு கேட்டேன். மிஷின் வேண்டாம்னு எழுதுனாரு. இருபது நிமிசம் ஆச்சு. அப்புறம், போதும் கொடி, வீட்ல இருக்கேன்னு எழுதுனாரு.

சரி மாமான்னேன். கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன், சரின்னு.

சொல்லிட்டு வெளிய வந்து, அன்வர் பாய்க்குப் போன் போட்டு, இன்வெர்டரக் கொண்டு வாங்கன்னுட்டேன். "அண்ணன் ஒத்துக்கிட்டாரா அக்கா?"ன்னாரு. "ஒத்துக்கிட்டாரு"ன்னேன். நாளைக்குக் காலையில வருது. மூச்சுத் திணறி நெனவு தப்பறப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, கையெழுத்து நாந்தான போடணும்? அவருகிட்டயா கேப்பாங்க? கண்ணு முழிக்கறப்ப மிஷின் இருக்கும். கோவிச்சுப்பாரு. கோவிச்சுக்கட்டும். இருப்பாருல்ல?

நீ உள்ள போனா அவருகிட்ட இத மட்டும் சொல்லிராத.

சரி, ஒம் பிளானுக்கு வா. இது அவரு ரூமா? நாலு லைட்டு, ஏசி, டிவி, இங்க கேமரா, இங்க கேமரா. இத்தனையும் யாரு போட்டது, நீயா? ஒன் வீட்டுக்காரரு என்ன கேட்டாரு? அவருக்கு என்ன வேணுமாம்?

ஏன் தலையக் குனியற?

கேக்கவே இல்லியா? ஏனம்மிணி, அவருக்கு வாயி இருக்கு, பேச்சு இருக்கு. பக்கத்துல உக்காந்து கேட்டா சொல்லிடப் போறாரு. இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இன்னிக்குப் போனதும் கேளு. என்ன சொல்லிருவாரோன்னு பயந்துக்கிட்டு நாமளே பட்டியலு போட்டுக்கிட்டுத் திரியறது... அவரு சொல்றத நீ கேட்டுத்தான் ஆகணும். புடிக்காட்டியும். சரின்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் வந்து வேற ஒண்ணு செய்யறது...

ஒண்ணுமில்ல. இரு. ஒரு நிமிசம் இரு.

ஒன் செல்லுல அன்வர் பாய் நம்பரு இருக்கில்ல? போடு. என்னால முடியாது, எனக்கு வாய் வராது. வந்தாலும் மாத்திச் சொல்லிருவேன். நீ சொல்லு.

ரிங் போகுதா?

நாளைக்கு இன்வெர்டரு கொண்டு வர வேண்டாம்னு அக்கா சொல்றாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். ஏன்னு கேட்டாருன்னா...

அவரு கேக்க மாட்டாரு. சொல்லு அம்மிணி.